செருகி கண் சொருகிய வாரம்

மனித குலம் பாதுகாப்புக்காக என்னென்னவோ செய்து பார்த்திருக்கிறது. கோட்டை கட்டியது, அகழி வெட்டியது, அகழியில் முதலை விட்டது. ஆனால் பாதுகாப்பின் உச்சியைத் தொட்டது எங்கள் அக்-தொபோ மாவட்டக் கால்நடை நடமாட்ட அலுவலகம் ஒன்றுதான் என்று நான் எந்தச் சபையிலும் சொல்வேன். கோட்டைக்குள் எதிரியால் நுழைய முடியவில்லை, அவ்வளவுதான். எங்கள் அலுவலகக் கணினிக்குள் மே பதினான்காம் தேதி செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணி பத்து நிமிடத்திலிருந்து எங்களாலேயே நுழைய முடியவில்லை.

என் பெயர் எசென்குல். அந்த அலுவலகத்தில் நான் சாதனைப் பதிவு அலுவலர். எங்கள் சாதனைகளைத் தொகுத்து வாரந்தோறும் தலைநகருக்கு அனுப்புவது என் பணி. சாதனை எதுவும் நடக்காத வாரங்களில் வேலை கொஞ்சம் கூடுதலாக இருக்கும். நான் சொல்வதைத் தாராளமாக நம்பலாம். பதினோரு வருடமாக அரசாங்கமே நம்பிக்கொண்டிருக்கிறது.

மே மாதம் பிறந்தால் எங்கள் பக்கத்து ஆடு மாடு குதிரையெல்லாம் பள்ளத்தாக்கை விட்டு மலையேறும். மேலே ஜைலோ என்னும் மலைப்புல்வெளியில்தான் கோடை முழுக்க மேய்ச்சல். முன்பெல்லாம் கால்நடை மருத்துவர் ஒருவர் மந்தைக்கு நடுவே நடந்து, நாலு ஆட்டின் வாயைத் திறந்து பார்த்து, ‘போகலாம்’ என்று ஒரு தாளில் கிறுக்கிக் கொடுப்பார். எவ்வளவு பின்தங்கிய முறை என்று பாருங்கள்: ஆட்டுக்குச் சான்று கொடுக்க ஆட்டைப் பார்க்க வேண்டியிருந்தது. இரண்டு வருடத்துக்கு முன்னால் அதை ஒழித்தோம்.

இப்போது எங்கள் இயக்குநர் ஜுமாகதிர் அண்ணன் விரல் நீளத்தில் ஒரு குச்சி வைத்திருக்கிறார். அதைக் கணினியில் சொருகினால், உலாவிக்குள் ஒரு சின்ன நிரல் விழித்துக்கொள்ளும். அதற்குச் செருகி என்று பெயர். செருகி அந்தக் குச்சியைப் படித்து ரகசிய எண் கேட்கும். எண்ணைத் தட்டினால் சான்றில் மின்கையொப்பம் விழும். அடுத்த நிமிடம் மலைப்பாதைச் சோதனைச் சாவடியில் கென்ஜே வைத்திருக்கும் கையடக்கக் கணினியில் பச்சை எரியும். கென்ஜே தடுப்புக் கட்டையைத் தூக்குவான். ஆடு போகும். இந்த ஏற்பாட்டுக்காக ‘காகிதமற்ற மாவட்டம்’ என்று எங்களுக்குப் பாராட்டுப் பத்திரம் வந்தது. நல்ல தடித்த காகிதம். கண்ணாடி போட்டு மாட்டியிருக்கிறோம்.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை கணினிகள் தாமாகவே ஒரு பாதுகாப்புப் புதுப்பிப்பை இறக்கிக்கொண்டு, அணைந்து, எழுந்தன. எழுந்ததும் திரையில் ஓர் அறிவிப்பு வந்தது: ‘உங்கள் பாதுகாப்பைக் கருதி ஒரு செருகி முடக்கப்பட்டுள்ளது. நீங்கள் எதுவும் செய்ய வேண்டியதில்லை.’

ஜுமாகதிர் அண்ணன் அதை இரண்டு முறை படித்தார். பிறகு நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

“இருபத்திரண்டு வருஷ சர்வீஸ்ல இப்படித் தெளிவா ஒரு உத்தரவு இப்பத்தான் வருது” என்றார்.

உத்தரவைப் பதினொன்றரை மணி வரை முழு மனத்தோடு நிறைவேற்றினோம். தேநீர் வந்தது, எண்ணெயில் பொரித்த போர்சோக் வந்தது. நான் ‘பாதுகாப்புப் புதுப்பிப்பு எவ்விதத் தடங்கலுமின்றி நிறைவேறியது’ என்று அந்த வாரத்தின் முதல் சாதனையைப் பதிவு செய்தேன். பதினொன்றரைக்கு அண்ணன் ஒரு சான்றில் கையொப்பமிடப் போனார். குச்சியைச் சொருகினார். ஒன்றும் நடக்கவில்லை. எடுத்துத் துடைத்து மறுபடி சொருகினார். வாயால் ஊதிவிட்டுச் சொருகினார். குச்சி சொருகியபடி இருந்தது. செருகிதான் கண் சொருகிவிட்டது.

எங்கள் அலுவலகத்தில் கணினி தெரிந்தவர் ஒருத்தர்தான். பெர்மெத். முப்பத்துநாலு வயது, ஒப்பந்த ஊழியர். வேலை நேரம் முழுவதும் யாராவது ஒருவரின் மேசைக்கடியில் படுத்துக் கம்பிகளைப் பார்த்துக்கொண்டிருப்பதால் அவருடைய முகத்தைவிடச் செருப்பைத்தான் எங்களுக்கு அதிகம் தெரியும். அவரை அழைத்தார்கள். பத்து நிமிடம் திரையைப் பார்த்தார். பிறகு, பெரிய விஷயம் ஒன்றுமில்லை என்றார். எங்களுக்கு அதுவே சற்று அவமானமாக இருந்தது.

“இந்தச் செருகி உலாவிகிட்ட, ‘உலகத்துல இருக்குற எல்லாத் தளத்தையும் எட்டிப் பாக்க எனக்கு அனுமதி குடு’ன்னு கேக்குது அண்ணே” என்றார் பெர்மெத். “இத்தனை நாள் உலாவி, ‘சரி, போ’ன்னு விட்டுச்சு. புதுசு விடாது. ‘உனக்கு யார் வீட்டுக்குப் போகணும், பேரைச் சொல்லு’ங்குது. நியாயந்தானே? நம்ம தளத்தோட பேரை எழுதிட்டா விட்டுரும். ஆறு வரி.”

“எவ்வளவு நேரம் ஆகும்?”

“ஒரு மணி நேரம். சோதிச்சுப் பாக்கறதோட சேத்து.”

ஜுமாகதிர் அண்ணன் நல்ல மனிதர் என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். அவருக்கு வேலை நடக்க வேண்டும் என்ற ஆசை இருந்தது. ஆனால் ஆசைக்கும் அதிகாரத்துக்கும் நடுவே விதி என்று ஒன்று இருக்கிறது. செருகியைச் செய்து கொடுத்த நிறுவனம் கடையை மூடி ஒரு வருடமாகிவிட்டது. ஆகவே செருகியில் ஒரு புள்ளியை மாற்றுவதானாலும் தலைநகருக்கு மாற்ற விண்ணப்பம் அனுப்பி அனுமதி பெற வேண்டும். விண்ணப்பம் இணையத்தில் மட்டும்தான் ஏற்கப்படும். அதில் இயக்குநரின் மின்கையொப்பம் இருக்க வேண்டும்.

“கையொப்பம் போட செருகி வேணும்” என்றார் பெர்மெத்.

“ஆமா.”

“செருகியைச் சரி பண்ணக் கையொப்பம் வேணும்.”

“ஆமா” என்றார் அண்ணன். “எவ்வளவு பலமான ஏற்பாடு பாரு. ஒரு திருடன் உள்ள வர முடியுமா?”

பிற்பகலில் ஊல்கான் அக்கா வந்தார். இருநூற்று எண்பது ஆடுகளின் சொந்தக்காரி. குட்டிகளையும் சேர்த்த கணக்கு அது; தாய் ஆடுகளில் பாதிக்கு மேல் குட்டி போட்டு மூன்று வாரம்கூட ஆகாதவை. அவர் கணவர் கம்பளிக் கூடாரத்தையும் அடுப்பையும் மாவு மூட்டையையும் லாரியில் ஏற்றிக்கொண்டு மூன்று நாளுக்கு முன்பே மேலே போய்விட்டார். கூடாரத்துக்கு நடமாட்டச் சான்று தேவையில்லை. அது இன்னும் எங்கள் கவனத்துக்கு வரவில்லை. அக்கா மந்தையோடு பின்னால் போக, சாவடியில் கென்ஜேயின் கருவி சிவப்பைக் காட்டியது. ஒரு பக்கம் ஆறு, ஒரு பக்கம் செங்குத்துப் பாறை. நடுவே தடுப்புக் கட்டை. அண்டை வீட்டுப் பெண்ணிடம் ஆடுகளை விட்டுவிட்டு, அக்கா குதிரையில் பதினோரு கிலோமீட்டர் இறங்கி வந்திருந்தார்.

கென்ஜே அக்காவின் சொந்தச் சித்தப்பா மகன். ஆடுகள் அக்காவுடையவை என்று அவனுக்குத் தெரியாதா என்று அண்ணன் கேட்டார்.

“நானும் அதைத்தான் கேட்டேன்” என்றார் அக்கா. “‘எனக்குத் தெரியுது அக்கா, இந்தப் பொட்டிக்குத் தெரியலையே’ங்கறான். போன வருஷம் அவன் கல்யாணத்துக்கு வெட்டுனது இதே மந்தையில ஒண்ணுதான். அன்னிக்கு அவனுக்குப் பொட்டி தேவைப்படல.”

அக்கா ஒரு தாளில் எழுதிக் கொடுத்தால் போதும் என்றார். அண்ணன் சுவரில் மாட்டியிருந்த பாராட்டுப் பத்திரத்தைக் காட்டி, இந்த மாவட்டத்தில் தாள் கிடையாது என்று பணிவாகத் தெரிவித்தார். சாவடிப் பக்கம் புல் கிடையாது, கல்தான் என்றார் அக்கா. அந்தக் கருத்தை எழுத்துப்பூர்வமாகப் புகாராகக் கொடுக்கலாம் என்று நான் யோசனை சொன்னேன். எப்படிக் கொடுப்பது என்று கேட்டார். இணையத்தில், மின்கையொப்பத்தோடு என்றேன். அக்கா என்னைச் சற்று நேரம் பார்த்தார். விற்பனைக்கு வந்த குதிரையின் பல்லைப் பார்க்கிற பார்வை அது.

அந்த வாரம் முழுவதும் எங்களுக்கு வந்த புகார்களின் எண்ணிக்கை பூஜ்யம் என்பதை இங்கேயே பதிவு செய்துவிடுகிறேன்.

புதன்கிழமை தலைநகரின் உதவி மையத்தைத் தொலைபேசியில் பிடித்தோம். நாற்பது நிமிடம் கோமுஸ் நரம்பிசை கேட்டபின் ஒரு பெண் குரல் வந்தது. மிக மரியாதையான குரல். அண்ணன் நிலைமையை விளக்கினார். குறை எண் சொல்லுங்கள் என்றது குரல். குறை எண் எங்கே கிடைக்கும் என்று கேட்டார். குறையை இணையத்தில் பதிவு செய்து கையொப்பமிட்டால் கிடைக்கும் என்றது.

“அம்மா, குறையே கையொப்பம் போட முடியலைங்கறதுதான்” என்றார் அண்ணன்.

“புரியுது சார். அதை அப்படியே எழுதி, கீழ கையொப்பம் போட்டு அனுப்புங்க.”

பெர்மெத் குறுக்கிட்டு, எங்களைப் போல மற்ற மாவட்டங்களுக்கும் இதே தொல்லை இருக்குமே, அவர்கள் யாரும் பேசவில்லையா என்று கேட்டார். நாடு முழுவதிலிருந்தும் ஒரு குறைகூடப் பதிவாகவில்லை என்று குரல் பெருமையோடு சொன்னது. புதுப்பிப்பு வந்ததிலிருந்து குறைகள் அடியோடு நின்றுவிட்டனவாம்.

அண்ணன் சும்மா இருப்பவரல்ல. அன்று பிற்பகலே ‘செருகி மீட்பு உயர்நிலைக் குழு’ அமைக்கப்பட்டது. தலைவர் அண்ணன், செயலாளர் நான், உறுப்பினர்களாகக் கணக்குப் பிரிவும் வாகன ஓட்டுநரும். பெர்மெத் ஒப்பந்த ஊழியர் என்பதால் உயர்நிலையில் உட்கார விதியில் இடமில்லை. அவர் கதவருகே நின்றபடி ‘கருத்து கேட்கப்படுபவர்’ ஆனார். கூட்டம் இரண்டரை மணி நேரம் நடந்தது. முதல் ஒரு மணி நேரம் செருகி என்று எழுதுவதா, சொருகி என்று எழுதுவதா என்பதில் போயிற்று. பிறகு, புதுப்பிப்பு ஏறாத பழைய கணினி ஏதாவது உண்டா என்ற கேள்வி எழுந்தது. இருந்தது. கிடங்கில் இருந்தது. அதன்மேல் தான் சமோவார் வைத்திருப்பதாக ஓட்டுநர் சொன்னார். பெர்மெத் போய்ப் பார்த்துவிட்டு வந்து, தேநீர் நன்றாக இருக்கிறது, கணினி செத்துப் பல மாதமாகிறது என்றார்.

புதுப்பிப்பையே கழற்றிப் போட்டால் என்ன என்று கணக்குப் பிரிவு கேட்டது. அதை மட்டும் செய்யக் கூடாது என்று பெர்மெத் சொன்னதும் நாங்கள் வியந்தோம்.

“புதுப்பிப்பு மேல தப்பில்ல” என்றார். “அது அடைச்சது நெசமான ஓட்டை. நம்ம செருகிதான் கதவுன்னு நெனச்சு அந்த ஓட்டை வழியா போய்ட்டிருந்துச்சு. கதவைத் திறந்து விடறதுக்குத்தான் ஆறு வரி கேக்கறேன். நகல் ஒண்ணுல எழுதி வெச்சிருக்கேன். மொதல்ல வேலை செய்யல. பெயர்ல ஒரு கோடு விட்டுப்போச்சு, அப்புறம் குச்சியைப் படிக்கிற இடமும் பழைய முகவரியைத் தேடுது. ரெண்டையும் மாத்திட்டேன். இப்ப வேலை செய்யுது. அனுமதி குடுத்தா போதும்.”

குழு அவருடைய கருத்தைக் கேட்டது. கேட்டதாகக் குறிப்பில் எழுதினேன்.

வியாழக்கிழமை காலை பதினொரு மணிக்கு அலுவலகம் இருட்டியது போலிருந்தது. சன்னலில் ஆட்டு முகங்கள். ஊல்கான் அக்கா மொத்த மந்தையையும் ஊருக்குள் இறக்கிவிட்டார். சாவடியில் கல்லைத் தின்ன முடியாது, கீழ்மேய்ச்சல் முழுக்க ஏற்கெனவே மேய்ந்தாயிற்று, அலுவலகத் தோட்டத்தில்தான் பச்சையாக ஏதோ இருக்கிறது என்றார். இருந்தது. நகர அழகுத் திட்டத்தில் நாங்கள் வைத்த துலிப் பூக்கள். அரை மணி நேரத்தில் தோட்டம் எங்கள் செருகியைப் போல ஆயிற்று.

அண்ணன் வெளியே போய், மிகவும் வருத்தத்தோடு ஒரு சட்ட நுணுக்கத்தை அக்காவுக்கு விளக்கினார். மேலே போவது மட்டும் நடமாட்டம் அல்ல. கீழே வருவதும் நடமாட்டம்தான். ஆகவே இந்த இருநூற்று எண்பது ஆடுகளும் சான்றில்லாமல் பதினோரு கிலோமீட்டர் நடமாடியிருக்கின்றன. திரும்பப் போனால் அது இரண்டாவது குற்றம்.

“அப்ப எங்கதான் தம்பி போறது?” என்று கேட்டார் அக்கா.

“எங்கயும் போகக் கூடாது அக்கா. நின்ன எடத்துல நிக்கற வரைக்கும் சட்டப்படி எந்தப் பிரச்சினையும் இல்ல.”

“அது மூச்சு விடறதாவது நடமாட்டத்துல சேராதா?”

அண்ணன் யோசித்துவிட்டு, தற்போதைய விதிகளின்படி சேராது என்றார்.

அதற்குள் வேறு ஆறேழு மந்தைக்காரர்களும் குதிரைகளை எங்கள் வாசல் கம்பியில் கட்டிவிட்டு உட்கார்ந்திருந்தார்கள். சாவடிக்கு இப்பால் நாற்பத்தொரு மந்தைகள் நிற்பதாகக் கேள்வி. அவர்கள் யாரும் சத்தம் போடவில்லை. ஒருவர் குருத் என்ற காய்ந்த தயிர் உருண்டைகளை எடுத்து எல்லோருக்கும் கொடுத்தார். எனக்கும் ஒன்று வந்தது. கல் போல இருந்தது. அதை வாயில் அடக்கிக்கொண்டே, ‘மந்தை வளர்ப்போருடன் அலுவலகம் நேரடி உரையாடல் நடத்தியது’ என்று எழுதினேன்.

வெள்ளிக்கிழமை காலை பனிமழை பெய்தது. மே மாதத்தில் எங்களுக்கு அது புதிதல்ல. மேலே ஜைலோவில் கூடாரத்து வேலியோரம் ஒண்டிக்கொள்ளும் குட்டிகளுக்கு அது பெரிய விஷயமும் அல்ல. ஆனால் பால் வற்றிய தாய்களோடு சிமென்ட் தரையில் நின்றவை வேறு கணக்கு. ஒன்பது மணிக்கு ஊல்கான் அக்கா உள்ளே வந்தார். யாரையும் கேட்கவில்லை. மேல்கோட்டுக்குள்ளிருந்து ஒரு குட்டியை எடுத்து, அண்ணனின் மேசையில், விசைப்பலகைக்கும் தேநீர்க் கோப்பைக்கும் நடுவே வைத்தார். கறுப்பு மூக்கு. கால்கள் மடங்கியிருந்தன.

“இதுக்குச் சான்று வேண்டாம் தம்பி” என்றார். “இது எங்கயும் நடமாடாது. வெளிய இன்னும் பத்து இருக்கு.”

அண்ணனுக்கு உதடு துடித்ததை நான் பார்த்தேன். ஆனால் இருபத்திரண்டு வருட அனுபவம் ஒருவரைக் கைவிடாது. இறந்த கால்நடைகள் எங்கள் வரம்பில் வருவதில்லை என்றும், அது அடுத்த கட்டடத்தில் உள்ள சுகாதாரப் பிரிவின் பொறுப்பு என்றும் அவர் சன்னமான குரலில் சொன்னார்.

மேசைக்கடியிலிருந்து பெர்மெத் எழுந்து வந்தார். ஒரு துண்டை எடுத்துக் குட்டியைச் சுற்றி அக்காவின் கையில் கொடுத்தார். பிறகு அண்ணனிடம், “நீங்க அஞ்சு நிமிஷம் வெளிய போங்க அண்ணே” என்றார்.

அண்ணன் அவரைப் பார்த்தார். கணினியில் சொருகியிருந்த குச்சியைப் பார்த்தார். ரகசிய எண்ணைத் தேட வேண்டிய அவசியமில்லை. மறந்துவிடாமல் இருக்கத் திரையின் மேல் ஓரத்தில் மஞ்சள் தாளில் எழுதி ஒட்டியிருந்தார்.

“நான் துலிப் தோட்டத்தைப் பாக்கப் போறேன்” என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். தோட்டம் எங்கே இருந்தது? ஆனாலும் போனார். குச்சியை எடுக்கவில்லை.

பெர்மெத் நின்றபடியே விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்தார். இதில் தனக்கு ஏதாவது ஆகுமா என்று என்னிடம் கேட்டார். அவர் என்னை எதுவும் கேட்டது அதுவே முதல் தடவை. அக்கா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

“உனக்கு ஒண்ணும் ஆகாது” என்றேன். “நடந்ததை நடந்த மாதிரி நான் எழுதிக் குடுக்கறேன்.”

பழைய செருகியை எடுத்துவிட்டு, திருத்திய நகலை ஏற்றினார். உலாவி ஒரு கேள்வி கேட்டது: ‘இது உங்கள் தளத்தை மட்டும் பார்க்க அனுமதி கேட்கிறது. தரலாமா?’ தரலாம் என்று அழுத்தினார். சிறிய சுழல் ஒன்று சுற்றியது. ரகசிய எண் கேட்கும் பெட்டி திறந்தது. மூன்று நாளாகப் பார்க்காத அந்தப் பெட்டியைப் பார்த்ததும், தூரத்துச் சொந்தக்காரர் பேருந்திலிருந்து இறங்குவது போல எனக்கு ஒரு மகிழ்ச்சி. முதல் சான்று ஊல்கான் அக்காவுடையது. எண்ணிக்கைக் கட்டத்தில் இருநூற்று எண்பது என்றிருந்ததை அக்கா அருகில் வந்து, “இருநூத்தி அறுபத்தொம்போது” என்று திருத்தினார்.

செத்த பதினொன்றில் தாய் ஆடுகள் எட்டு என்பதை அப்போதுதான் தெரிந்துகொண்டேன்.

பதினொரு மணிக்குள் நாற்பத்தொரு மந்தைக்கும் கையொப்பம் விழுந்தது. மேலே கென்ஜே கட்டையைத் தூக்கியவன் மாலை வரை இறக்கவே இல்லையாம். அக்கா போகும்போது பெர்மெத்தின் கையைப் பிடித்துக்கொண்டார். ஜைலோவுக்கு வா, புளித்த குதிரைப்பால் குமிஸ் தருகிறேன் என்றார். எனக்கும் அழைப்பு உண்டா என்று அருகிலேயே நின்றேன். இல்லை.

அடுத்த புதன்கிழமை தலைநகரிலிருந்து கடிதம் வந்தது. பாராட்டு என்று நினைத்துப் பிரித்தோம். அவர்கள் கேட்டிருந்தது இதுதான்: ‘கடந்த வாரம் நாட்டின் எல்லா மாவட்டங்களிலும் சான்றளிப்புப் பணி முறையாக நின்றிருக்க, தங்கள் மாவட்டத்தில் மட்டும் வேலை நடந்தது எப்படி?’

விசாரணை அதிகாரி மறுநாளே வந்தார். நேர்த்தியான மனிதர்; காலணிக்கு மேல் உறை போட்டுக்கொண்டுதான் அலுவலகத்துக்குள் நுழைந்தார். பெர்மெத் எழுதிய வரிகளை அவரோடு வந்திருந்த நிபுணர் பார்த்தார். மிகச் சரி என்றார். நாடு முழுவதுக்கும் இதையே அனுப்பிவிடலாம் என்றார். அனுப்பினார்கள், ‘மத்திய நிபுணர் குழுவின் துரிதத் தீர்வு’ என்ற பெயரில். ஒரு வாரத்தில் எல்லா மாவட்டங்களிலும் ஆடுகள் மலையேறின. என்னிடம் வந்த சுற்றறிக்கையில் அந்தக் குழுவின் ஏழு உறுப்பினர்களின் படம் இருந்தது. ஏழு பேரும் புன்னகை செய்துகொண்டிருந்தார்கள்.

மீதமிருந்தது ஒரே ஒரு கேள்வி: மாற்றத்துக்கு அனுமதி கொடுத்தது யார்? அதிகாரி அதை ஜுமாகதிர் அண்ணனிடம் கேட்டார். சம்பவ நேரத்தில் தான் தோட்டத்தை ஆய்வு செய்துகொண்டிருந்ததாக அண்ணன் சொன்னார். அது உண்மையும்கூட. பிறகு என்னிடம் கேட்டார். நான் அந்த அறையில் இருந்தேனா?

பதில் சொல்லுமுன் நிறைய யோசித்தேன் என்று எழுத ஆசைதான். எனக்கு ஓய்வூதியத்துக்கு இன்னும் நாலு வருடம். அதிகாரியின் குரல் இதமாக இருந்தது. அவருக்குத் தேவையான வாக்கியத்தின் முதல் பாதியை அவரே சொன்னார். இரண்டாம் பாதி எனக்குப் பழக்கமான நடையில் தானாகவே வந்தது: ‘மேற்படி ஊழியர் எவருடைய அறிவுமின்றி, இயக்குநர் இல்லாத நேரத்தைப் பயன்படுத்தி, பாதுகாக்கப்பட்ட நிரலில் அத்துமீறி மாற்றம் செய்தார்.’ நல்ல வாக்கியம். அதிகாரி ஒரு காற்புள்ளியைக்கூட மாற்றவில்லை.

திங்கட்கிழமை பெர்மெத்தின் பணிநீக்க ஆணை தயாரானது. தயாரித்தது நான்தான். எங்கள் மாவட்டத்தில் தாள் கிடையாது என்பதால் ஆணையில் இயக்குநரும் சாட்சியும் மின்கையொப்பமிட வேண்டும். சாட்சிக்கென்று எனக்கும் ஒரு குச்சி வரவழைத்திருந்தார்கள். பெர்மெத்தை அழைத்து உட்கார வைத்தோம். அவர் அங்கே நாற்காலியில் உட்கார்ந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

அண்ணன் குச்சியைச் சொருகினார். பெட்டி திறந்தது. எண்ணைத் தட்டினார். பிறகு எழுந்து எனக்கு இடம் விட்டார். நானும் சொருகினேன், தட்டினேன். இரண்டு விநாடிகூட ஆகவில்லை. ‘கையொப்பம் வெற்றிகரமாகச் சேர்க்கப்பட்டது’ என்று திரை பச்சையில் சொன்னது. அண்ணன் சன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பெர்மெத் ஆணையைப் படிக்கவில்லை. திரையின் பக்கம் தலையைச் சாய்த்து, வேலை செய்கிறவர் கேட்பது போல என்னிடம் கேட்டார்.

“ரெண்டு கையொப்பமும் விழுந்துச்சா?”

“விழுந்துச்சு” என்றேன்.

“எங்கயும் நின்னு யோசிக்கலையே?”

“இல்லை” என்றேன். “ஒரு இடத்துலகூட யோசிக்கல.”

அவர் செருகியைத்தான் கேட்டார்.